மாமரத்தில் சிக்கி நிற்கும் வேம்பும் ஒழுங்கைக் கம்பியும்

வாசகி ஒருவரின் கடிதம்: ஐயா, நாங்கள் மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் இருக்கிறோம். சென்ற கிழமை மழையோடு அடித்த காற்றில் எங்கள் வளவின் முன்மூலையில் நின்ற வேம்பு வேரோடு கிளம்பிச் சாய்ந்துவிட்டது. ஆனால் நிலத்தில் விழவில்லை; வேலியோரத்து மாமரத்தின் கவட்டையில் தலை சிக்கி அப்படியே நிற்கிறது. நாற்பத்தைந்து அடிக்குக் குறையாத மரம். அதன் ஒரு கொப்பு ஒழுங்கையால் போகும் கரண்ட் கம்பிக்கு இரண்டு முழ தூரத்தில் இருக்கிறது. சிறு கொப்பொன்று வீட்டுக்கு வரும் வயரின் மேல் படுத்திருக்கிறது. லைற் எரிகிறது. மெஷின் வாளால் மரம் அரியும் தம்பி ஒருவர், மெயின் சுவிட்சை நிறுத்தினால் அரை நாளில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். எனது அண்ணனோ, உழவு இயந்திரத்தில் கயிறு கட்டி இழுத்தால் போதும் என்கிறார். யாருக்கு அறிவிப்பது, செலவு யாருடையது என்றும் தெரியவில்லை. மாமியார் அந்த வேம்படியில் அம்மாளுக்கு விளக்கு வைப்பவர். இப்போதும் பின்னேரத்தில் போய் வைத்துவிட்டுத்தான் வருகிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் கேள்வியாக வராத ஒன்றுக்கே நான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் மாமியார் இன்று பின்னேரம் அந்த வேம்படிக்குப் போகக் கூடாது. அவரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்; விளக்கைச் சில நாள்களுக்கு வீட்டு முற்றத்தில் வைத்துக்கொள்ளலாம், அம்மாள் கோபிக்க மாட்டாள். சாய்ந்து சிக்கி நிற்கும் மரம் விழுந்து கிடக்கும் மரத்தைவிட ஆபத்தானது. விழுந்த மரம் தன் வேலையை முடித்துவிட்டது. சிக்கிய மரமோ விழுவதைப் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறது; மீதிப் பாதி எப்போது என்பது மாமரத்துக் கவட்டையின் கையில் இருக்கிறது. ஒரு வாடைக் காற்று, ஓர் இரவு மழையில் இன்னும் இளகும் மண், கவட்டையில் ஏற்கனவே விழுந்திருக்கக்கூடிய வெடிப்பு, இவற்றில் ஒன்று போதும். மரத்தின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு, அதாவது எந்தப் பக்கத்திலும் தொண்ணூறு அடி தூரத்துக்குள் பிள்ளைகளோ ஆடு மாடோ போகாதபடி இன்றே ஒரு கயிற்றைக் கட்டி மறியுங்கள். ஒழுங்கை அந்த வட்டத்துக்குள் வருமானால் இரு முனையிலும் ஒரு சிவப்புத் துணியையாவது தொங்கவிட்டு, அயலவருக்கும் சொல்லி வையுங்கள்.

அடுத்து, மெயின் சுவிட்ச். அந்தத் தம்பி நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொன்னது பிழை. கரண்ட் போஸ்டிலிருந்து வரும் வயர் முதலில் மீற்றருக்கு வந்து, அதன் பிறகே உங்கள் மெயின் சுவிட்சுக்கும் ட்ரிப் சுவிட்சுக்கும் போகிறது. மெயினை நிறுத்தினால் அதற்கு அப்பால் உள்ள வீட்டு வயரிங்கில் மட்டுமே மின்சாரம் நிற்கும். போஸ்டுக்கும் மீற்றருக்கும் இடையில் உள்ள வயரில், அதாவது உங்கள் வேப்பங்கொப்பு படுத்திருக்கும் அதே வயரில், 230 வோல்ற்று அப்படியே இருக்கும். ஒழுங்கைக் கம்பியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அதை நிறுத்துகிற சுவிட்ச் எதுவும் உங்கள் வீட்டில் இல்லை. 30 மில்லி அம்பியர் கசிந்தால் தானே விழுகின்ற ட்ரிப் சுவிட்சும் வீட்டுக்குள் இருப்பவரைத்தான் காக்கும்; வெளியே மரத்தில் கை வைப்பவரை அது அறியாது.

லைற் எரிகிறது, தீப்பொறி பறக்கவில்லை, ஆகவே ஒன்றுமில்லை என்று நினைக்கவும் வேண்டாம். பச்சை மரத்தில் நீரும் உப்பும் ஓடுகின்றன. மழையில் நனைந்த பட்டை அதற்கு மேல். அது செம்பைப்போல் மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் ஒரு மனிதனைக் கொல்லப் போதுமான அளவுக்குக் கடத்தும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டிரான்ஸ்போமரில் உள்ள பியூஸ் பல வீடுகளின் சுமையைத் தாங்கும்படி போடப்பட்டது. மரத்தின் வழியாக மண்ணுக்குப் போகும் சில அம்பியர் அதற்கு ஒரு சிறு கடிகூட இல்லை. எனவே பியூஸ் உருகாது, லைற் மங்காது, கம்பி தன் பாட்டில் உயிரோடு இருக்கும்.

மறுபக்கமும் உண்டு: லைற் அணைந்துவிட்டால் கம்பி செத்துவிட்டது என்று பொருள் இல்லை. 33,000 வோல்ற்று லயின்களில் தடை ஏற்பட்டால், சில செக்கன்களுக்குப் பிறகு தானாகவே திரும்ப இணைக்கும் கருவிகள் உள்ளன. மரக்கொப்பு உரசிவிட்டு விலகியிருந்தால் மின்சாரம் திரும்பட்டும் என்பதற்காக வைத்தவை அவை. பல மைல் தூரத்தில் நின்று பழுது திருத்தும் பிரேக்டவுன் குழு உங்கள் ஒழுங்கையில் மரம் வெட்டப்படுவது தெரியாமல் லயினைப் போடவும் கூடும். மூன்றாவது, நான் மிகவும் அஞ்சுவது, அயல்வீட்டு ஜெனரேற்றர். ஒழுங்கைக் கம்பியிலிருந்து வீட்டைப் பிரித்துவிடும் மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் ஒரு பிளக் வழியாக வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பவர், தன்னை அறியாமலே அதை மீற்றர் வழியாக ஒழுங்கைக் கம்பிக்கும் அனுப்புகிறார். டிரான்ஸ்போமருக்கு மேல் கீழ் தெரியாது. கீழிருந்து 230 வோல்ற்று போனால் மேலே 33,000 ஆக்கிவிடும். ஆகவே ஒரு கம்பி செத்துவிட்டது என்று சொல்லும் உரிமை, அதை நிறுத்தி, சோதித்து, வேலை செய்யும் இடத்துக்கு இரு பக்கமும் எர்த் கட்டியவருக்கு, அதாவது கம்பியை மண்ணோடு இணைத்தவருக்கு, மட்டுமே உண்டு.

பல வருடங்களுக்கு முன், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அம்பாறை மாவட்டத்துக் கரையோரக் கிராமம் ஒன்றுக்கு மழைக்கால விடியல் ஒன்றில் போனோம். தென்னை ஒன்று சரிந்து, அறுந்த கம்பியொன்று முள்ளுக்கம்பி வேலியில் விழுந்து கிடந்தது. நாங்கள் முதலில் கண்டது கம்பியையல்ல. அங்கிருந்து ஐம்பது அறுபது யார் தள்ளி, வேலியின் மறுமுனையில், ஒரு வெள்ளாடு கழுத்தைக் கம்பிக்குள் நீட்டியபடி செத்துக் கிடந்தது. வாயில் கிளுவை இலை பாதி மென்றபடி இருந்தது. அதைத் தூக்கப் போன சிறுவனை எங்கள் மூத்த லயின்மன் எட்டிப் பிடித்து இழுத்த வேகத்தில் அவனுடைய சட்டை கிழிந்துவிட்டது. நீங்கள் வேலி என்று எழுதியிருக்கிறீர்கள், என்ன வேலி என்று எழுதவில்லை. முள்ளுக்கம்பியாகவோ தகரமாகவோ இருந்தால், மாமரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த வேலி முழுவதையும் இப்போதைக்குக் கம்பியாகவே கருதுங்கள். அதில் துணி காயப் போடுவதும் வேண்டாம்.

ஒழுங்கைக் கம்பி எந்த வகை என்பதையும் தூரத்தில் நின்று பாருங்கள். போஸ்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கைந்து வெறுங்கம்பி போனால் அது 400, 230 வோல்ற்று வீட்டு லயின். போஸ்டின் உச்சியில் குறுக்குச் சட்டத்தில் தடித்த பீங்கான் குமிழ்களின் மேல் மூன்று கம்பி போனால் அது 33,000 வோல்ற்று. அதைத் தொடத் தேவையில்லை, கிட்டப் போனாலே பாயும். முறுக்கிய கறுப்பு வயராக இருந்தால் மேலுறை உண்டு, ஆனால் கொப்பு உரசி உரசி உறை எங்கே தேய்ந்திருக்கிறது என்பது கீழே நிற்பவருக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் நீங்களும் உங்கள் கையில் உள்ள பொருளும் கம்பிக்கு மூன்று மீற்றருக்குள் போகக் கூடாது. இந்த அளவில் கொக்கத்தடியும் ஏணியும் அடங்கும். மாங்காய் பறிக்கும் அலுமினியத் தடியால் அந்தச் சிறு கொப்பைத் தட்டிவிடலாம் என்று வீட்டில் யாருக்காவது யோசனை வந்திருந்தால், தடியை எடுத்து உள்ளே பூட்டி வையுங்கள். காய்ந்த கம்பும் நைலோன் கயிறும்கூட இந்த மழையில் காய்ந்தவை அல்ல.

அறிவிக்க வேண்டிய இடம் மின்சார சபை, எண் 1987. வெறுமனே மரம் விழுந்துவிட்டது என்று சொன்னால், மழைக்காலத்தில் அப்படி வரும் பல அழைப்புகளில் அதுவும் ஒன்றாகிவிடும். மின் பட்டியலில் உள்ள பத்து இலக்கக் கணக்கு எண், அருகில் உள்ள போஸ்டில் பெயின்றால் எழுதிய இலக்கம், வழி கேட்டால் ஊரில் யாரும் காட்டக்கூடிய ஓர் அடையாளம், இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு, மரம் வேரோடு கிளம்பி இன்னொரு மரத்தில் சிக்கியிருக்கிறது, வீட்டு வயரில் கொப்பு கிடக்கிறது, ஒழுங்கைக் கம்பிக்கு மூன்றடி தூரம், இன்னும் சரியக் கூடும் என்று இந்த ஒழுங்கில் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லிவையுங்கள். கம்பி அறுந்து விழுந்தால் நிலைமை வேறு: பத்து மீற்றருக்கு அப்பால் நின்றபடி உடனே திரும்பவும் 1987க்கு அழைக்க வேண்டும். அந்த நேரத்தில் யாராவது அந்த வட்டத்துக்குள் அகப்பட்டிருந்தால், ஓடக் கூடாது. கம்பி விழுந்த இடத்திலிருந்து மண்ணில் மின்னழுத்தம் படிப்படியாகக் குறைந்து பரவுகிறது. காலை அகட்டி வைத்தால் ஒரு கால் கூடிய அழுத்தத்திலும் மறுகால் குறைந்த அழுத்தத்திலும் இருக்க, இடைப்பட்ட வித்தியாசம் உடம்பின் வழியாக ஓடும். இரு பாதங்களையும் ஒட்டி வைத்து, தூக்காமல், தேய்த்துத் தேய்த்து நகர்ந்து வர வேண்டும். அடிபட்டவரைத் தொட்டு இழுக்கப் போகிறவர் இரண்டாவது ஆளாகிவிடுவார். மின்சார சபைக்கும் 1990 அம்புலன்சுக்கும் அழைப்பதே அங்கே செய்யக்கூடிய உதவி.

குழு வந்தால் என்ன செய்வார்கள் என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பெரும்பாலும் அவர்கள் லயினை நிறுத்தி, கம்பிக்கு இடைஞ்சலான கொப்புகளை எடுத்து, லயினைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார்கள். மிச்ச மரம் உங்களுடையது. இதில்தான் ஒரு பொல்லாத இடைவெளி இருக்கிறது. கம்பிக்காரருக்குக் கம்பி தெரியும், மரக்காரருக்கு மரம் தெரியும். முதலாமவர் போன பின் இரண்டாமவர் வந்தால், சிக்கிய மரத்தைக் கீழே இறக்கும் மிக மோசமான கட்டம் உயிருள்ள கம்பிக்குப் பக்கத்தில் நடக்கும். ஆகவே முறைப்பாடு கொடுக்கும்போதே, மரத்தைக் கீழே இறக்கி முடியும்வரை லயினை நிறுத்தி வைத்திருக்க வேண்டும் என்றும், மரம் அரிபவர் அதே நேரத்தில் ஆயத்தமாக நிற்பார் என்றும் சொல்லுங்கள். பிரதேச மின் அத்தியட்சகரின் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டால் நாளும் நேரமும் குறித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். அன்று வேலை தொடங்குமுன் குழுத் தலைவரிடம் மரம் அரியும் தம்பி வாய்விட்டுக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஓஃப் பண்ணி எர்த் போட்டாயிற்றா? ஆம் என்று அவர் வாயால் வரும்வரை வாளை இயக்கக் கூடாது. வீட்டு வயரையும் அன்று கழற்றித் தரும்படி கேளுங்கள்.

இனி மரம். நாற்பத்தைந்து அடி உயரமும், அடியில் ஒன்றரை அடிக் குறுக்களவும் கொண்ட பச்சை வேம்பின் தண்டு மட்டுமே ஏறக்குறைய ஒரு தொன் இருக்கும். கொப்பும் நனைந்த இலையும் வேறு. இந்தப் பாரம் இப்போது இரண்டு இடத்தில் ஊன்றி நிற்கிறது: ஒரு முனை கிளம்பிய வேர், மறுமுனை மாமரத்துக் கவட்டை. நடுவில் தண்டு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைந்திருக்கும். வளைந்த மரத்தில் ஒரு பக்க நார் இழுபட்டும் மறுபக்க நார் நெருக்குண்டும் இருக்கிறது. நெருக்குண்ட பக்கத்தில் ஆழமாக வெட்டினால் வாள் கவ்விப் பிடிக்கப்படும். இழுபட்ட பக்கத்தில் முதலில் வெட்டினால் தண்டு நீளப்பாட்டில் வெடித்து, வெட்டுபவரின் முகத்துக்கோ நெஞ்சுக்கோ பாயும். நடுத்தண்டில் மேற்பக்கம் நெருக்குண்டும் கீழ்ப்பக்கம் இழுபட்டும் இருப்பது வழக்கம். எனவே மேலே கொஞ்சம், பிறகு கீழிருந்து என்பது முறை. ஆனால் வேருக்குக் கிட்ட வர வர இது தலைகீழாகலாம், ஏனென்றால் பாதி பிடுங்கப்பட்ட வேர் தண்டைத் திரும்ப நிமிர்த்தப் பார்க்கிறது. ஆகவே ஒரே மரத்தில் ஐந்தடி இடைவெளியில் இரண்டு வேறு வெட்டு முறை தேவைப்படும். வெட்டு வாய் திறக்கிறதா மூடுகிறதா என்று ஒவ்வோர் அங்குலத்துக்கும் பார்த்துப் பார்த்து அரிகிறவரே இதற்கு ஆள். மரம் அரியும் தம்பி இதை அறிவாரா என்று சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். முதல் வெட்டு எங்கே போடுவீர்கள் என்று கேளுங்கள். உடனே ஓர் இடத்தைக் காட்டினால் வேறு ஆள் பாருங்கள். மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றால் அவரையே வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கிய மரத்தை இறக்க நம் பக்கத்தில் கையாளப்படும் சில வழிகளை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தாங்கி நிற்கும் மாமரத்தை வெட்டிவிடுவது ஒன்று. இரண்டு மரமும் சேர்ந்து வெட்டியவர் மேல் வரும். மாமரத்தில் ஏறி வேம்பின் தலையை அறுப்பது இன்னொன்று. ஏறியவருக்கு இறங்க வழியில்லை. பக்கத்துத் தென்னையை அதன் மேல் தள்ளி இடித்து விழுத்துவது, ஒரு தொல்லையை இரண்டாக்குவது. எல்லாவற்றிலும் கூடுதலாக நடப்பது, அடியிலிருந்து மூன்றடி மூன்றடியாகத் துண்டு போட்டு வருவது. ஒவ்வொரு துண்டுக்கும் தண்டு குத்தென இறங்கி, நிமிர்ந்து, கடைசியில் எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாத நிலைக்கு வரும். உங்கள் வளவில் அந்தப் பக்கங்களில் ஒன்று கம்பி.

உங்கள் அண்ணன் சொன்ன இழுப்பு முறையில் சரியான பாதி இருக்கிறது. சிக்கிய மரத்தை அடிப்பக்கமாக, அது சாய்ந்த திசைக்கு நேரெதிரே பின்னுக்கு இழுத்தால் தலை கவட்டையிலிருந்து வழுக்கிக் கீழே வரும், அதுதான் முறையும். ஆனால் அதற்கு முதல் கம்பிப் பக்கத்துக் கொப்புகளைக் குழு எடுத்திருக்க வேண்டும், தண்டு வேரிலிருந்து பிரிந்திருக்க வேண்டும், லயின் இன்னும் நிறுத்தியே இருக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் தலை அரைவட்டம் போட்டு ஒழுங்கைக்குப் போகும். கயிறு மரத்தைப்போல் இரு மடங்கு நீளமாயிருக்க வேண்டும். நைலோன் கயிறு இழுபட்டு நீண்டு அறுந்தால் சாட்டையாகத் திரும்பி வரும், எனவே உருக்குக் கம்பிவடமோ சங்கிலியோ நல்லது, அதன் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டர் இதற்கு உதவாது. நாலு சில்லு உழவு இயந்திரமென்றாலும் கீழ்க் கொளுவியில்தான் கட்ட வேண்டும். உயரத்தில் கட்டினால் முன்சில்லு கிளம்பி ஓட்டுபவர் மேலேயே கவிழும். கிடைக்குமானால் வலுவான இன்னொரு மரத்தில் கட்டிக் கையால் இயக்கும் வின்ச் இவை எல்லாவற்றிலும் மேல், ஏனென்றால் அது அங்குலம் அங்குலமாக இழுக்கும், நிறுத்திப் பார்க்கவும் விடும்.

வேரைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் இதை மரம் அரிபவர்களே மறந்துவிடுகிறார்கள். வேரும் மண்ணுமாகக் கிளம்பி நிற்கும் அந்தத் தட்டைத் தண்டின் பாரம்தான் தூக்கிப் பிடித்திருக்கிறது. தண்டை அறுத்த கணத்தில் தட்டு பொறிக்கதவுபோல் தன் குழிக்குள் திரும்ப விழும். சில வேளை முன்பக்கமாகவும் உருளும். குழி என்றால் பிள்ளைகளுக்கு விளையாட்டு, நாய்க்கு நிழல். வெட்டுமுன் குழிக்குள் ஒரு முறை எட்டிப் பார்ப்பதும், ஆறடிக்குக் குறையாத அடித்தண்டை வேரோடு விட்டு வெட்டுவதும், தட்டைப் பின்னால் வடம் போட்டுக் கட்டுவதும் அந்தத் தம்பியின் வேலை. அவரிடம் தலைக்கவசம், கண்ணாடி, காலைக் காக்கும் தடித்த உடை இல்லையென்றால் வாடகைக்காவது எடுக்கச் சொல்லுங்கள். தோளுக்கு மேல் வாளைத் தூக்கி அரிவதற்கு எந்தக் காரணமும் போதாது. காற்று அடிக்கும் நாளில் வேலை வேண்டாம்.

உங்கள் ஊரில் 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட முதியவர்கள் இருப்பார்கள். தென்னந்தோட்டம் தோட்டமாகச் சரிந்ததையும், கோடரியும் கைவாளும் கொண்டே ஊரைத் துப்புரவாக்கியதையும் சொல்லி, இவ்வளவுக்கு ஏன் இந்தப் பயம் என்று கேட்பார்கள். அவர்களுடைய கைத்திறனில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அன்று படுவான்கரை ஒழுங்கைகளில் இப்படிக் கம்பி ஓடவில்லை. அவர்கள் கற்றது மரத்தை மட்டும் பார்த்து வெட்டும் வித்தை.

செலவு விடயத்தில், மரம் உங்கள் வளவுக்குள் நின்றதால் அதை அகற்றும் பொறுப்பு உங்களுடையது. வீதிக் காணியில் நின்ற மரமென்றால் பிரதேச சபையிடமோ வீதிக்குப் பொறுப்பான திணைக்களத்திடமோ போயிருக்கலாம். பணம் கொடுக்கும்போது மரத்தை இறக்குவதற்கு ஒரு கூலியும், துண்டு போட்டு ஏற்றுவதற்கு இன்னொரு கூலியும் எனப் பிரித்துப் பேசுங்கள். விறகு முழுவதும் எனக்கு, கூலி வேண்டாம் என்று வருபவர் அவசரப்படுவார். தண்டைப் பலகை அறுப்பதற்காக வெளியே ஏற்றுவதானால் அனுமதி பற்றி முதலில் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். மாமரத்தின் கவட்டை வெடித்திருந்தால், லயின் நிறுத்தியிருக்கும் அதே நேரத்திலேயே அந்தக் கொப்பையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். இன்னொரு நாளுக்கு வைத்தால் இன்னொரு முறை 1987க்கு அழைக்க வேண்டி வரும்.

மாமியார் விளக்கு வைக்கும் கல்லோ மாடமோ அநேகமாக அந்த வேரடியில்தான், கிளம்பிய தட்டின் விளிம்பில் இருக்கும். அதை எடுத்துத் தரும்படி அவர் உங்களிடமோ பேரப்பிள்ளைகளிடமோ கேட்கக் கூடும். தட்டு குழிக்குள் இறங்கி, அந்தத் தம்பி ஏறி மிதித்துப் பார்த்து அசையவில்லை என்று சொன்ன பிறகு, அவரையே எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் அத்தியட்சகர்